டனல் அக்காவின் மூன்று குரல்

பல்கலைக்கழகத்தின் பின்புறம் இருந்தது இயந்திரவியல் மற்றும் விண்வெளிப் பொறியியல் துறை. பெயரே நீளம், கட்டடம் அதைவிட நீளம். யார் பார்க்க வந்தாலும் துறைத்தலைவர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, துறையின் பலங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். இரும்பை இழுத்து அறுத்துப் பார்க்கும் கூடம் ஒரு விரல். எஞ்சினை ஓடவிட்டுப் புகையை அளக்கும் அறை இன்னொரு விரல். பிறகு கணினிக் கூடம், படித்து முடித்துப் பெரிய இடங்களில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்கள். கட்டைவிரலுக்கு வரும்போது மட்டும் குரலை ஏற்றிக்கொள்வார். "எல்லாத்துக்கும் மேல, எங்க விண்ட் டனல். இத்தனை வருஷத்துல ஒரு சின்ன விபத்துகூட கிடையாது."

விண்ட் டனல் என்பது அறை அளவுக்குப் பெரிய குழாய். ஒரு முனை வாய் பிளந்திருக்கும், நடுவில் இடுப்பு ஒடுங்கும், மறுமுனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி. விமானம் பறந்து காற்றைக் கிழிப்பதற்குப் பதில், விமானத்தின் சிறு மாதிரியை ஒடுங்கிய இடத்தில் நிறுத்திவிட்டுக் காற்றை அதன்மேல் ஓடவிடுவார்கள். எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பார்கள். விசிறி பக்கம் போய்ச் சுத்தம் செய்ய, கட்டடத்தின் அந்தக் கோடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கதவு உண்டு. விசிறியை ஓட்டும் மேசை இந்தக் கோடியில். நடுவே ஒரு சுவர்.

அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள்தான் டனல் அக்கா. தொழிற்பள்ளியில் எலக்ட்ரீஷியன் வேலை படித்துவிட்டு, கல்யாணமான புதிதில் இங்கே சேர்ந்தவள். புருஷன் காலமாகிவிட்டார், மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள், துறைத்தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா மேசையை விட்டு நகரவில்லை. மாணவர்களும் அக்கா என்றார்கள், பேராசிரியர்களும் அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவரான பட்டறை வெல்டரும் அப்படியே கூப்பிட்டார்.

"ஏன் வெல்டரே, என்னை அக்கான்னு கூப்பிட உங்களுக்கே சிரிப்பு வரல?"

"வயசுக்கா கூப்பிடறேன்? பதவிக்கு அக்கா, பதவிக்கு!"

இந்தத் துறையின் உண்மையான பலம் எது என்று கேட்டால் நான் தலைவரின் ஐந்து விரலையும் மடக்கிவிட்டு வேறொன்றைச் சொல்வேன். காலையில் ஒரு மாணவன் தாளில் கிறுக்கிக் கொண்டுவருவதை வெல்டர் சாயங்காலத்துக்குள் கையில் பிடிக்கிற பொருளாக்கிவிடுவார். மறுநாள் அக்கா அதைக் காற்றில் நிறுத்திவிடுவாள். வேறு இடங்களில் இதற்கு வாரக்கணக்கில் அலையவேண்டும். இங்கே ஒருவர் வேலையை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் பலம், கடைசியில் குடியைக் கெடுத்ததும் அதுவேதான்.

டனலுக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவர் மேசையிலிருக்கும் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகவேண்டும். சாவி இல்லாமல் விசிறி ஓடாது. நல்ல விதிதான். ஆனால் ஒருமுறை ஒரு விரிவுரையாளர் சாவியைப் பையில் போட்டதை மறந்து ஊருக்கே போய்விட்டார். அன்றைய சோதனை அப்படியே நின்றது. தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அதற்குப் பிறகு சாவி மேசையை விட்டு அசையவில்லை, கொஞ்ச நாளில் துருவேறி உட்கார்ந்தும்விட்டது.

சாவிக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தது அக்காவின் குரல். ஓட்டுவதற்கு முன் அவள் டனலின் பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, "உள்ள ஆளிருக்கா?" என்று மூன்று தரம் கேட்பாள். நல்ல கனத்த குரல், குழாய் முழுக்க உருண்டு போகும். உள்ளே யாராவது இருந்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்குவாள். புதிதாகச் சேரும் மாணவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், இரண்டாம் மாதம் அவர்களும் அதை நம்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கேதான் சிக்கல். அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

ஒரே நாளில் போயிருந்தால் ஊரைக் கூட்டி அழுதிருப்பாள். முதலில் கொசு போயிற்று. இந்த வருஷம் கொசுத் தொல்லை இல்லையே என்று சந்தோஷப்பட்டாள். பிறகு அடுத்த அறையில் அடிக்கும் ஃபோன் போயிற்று. பிறகு மகள் பேசும் வார்த்தைகளின் வால்கள் போயின. டனலைக் காதால் கேட்டால்தான் அதன் உடம்பு தெரியும் என்று காதுக் கவசத்தை மாட்டாமலே வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் உட்கார்ந்திருந்தவள் அவள். வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆரம்பத்தில் கவசம் என்று ஒன்று இருப்பதையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

காது போகப் போகக் கண் கூர்மையாயிற்று. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். டனலைப் பாதத்தால் கேட்கக் கற்றுக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் தரையின் அதிர்விலேயே விசிறியின் வேகம் தெரிந்தது. உதடு தெரியாமல் யாராவது பேசினால் தலையை ஆட்டிவைத்தாள். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. இந்த உலகத்தில் பத்துக்கு ஒன்பது பேச்சுக்குத் தலையாட்டினால் போதும்.

சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷம் ஒருமுறை காதுப் பரிசோதனை நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்கள். வெளியே நர்ஸ் ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கும். தோள் இறங்கினால் அக்காவின் கை ஏறும். "உங்க வயசுக்கு அபாரமான காதும்மா" என்று அந்த நர்ஸ் எழுதிக் கொடுத்தாள்.

மகளை அப்படி ஏமாற்ற முடியவில்லை.

"அம்மா, எத்தனை தடவதான் கூப்பிடறது? டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் வருது. காது டாக்டர்கிட்ட போலாம் வா."

"எனக்கென்ன? நல்லாத்தான் கேக்குது."

"திரும்பி நின்னுக்கோ. நான் பேசறேன், சொல்லு பாப்போம்."

"போடி வேலையப் பாத்துட்டு." அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "கேக்காதுன்னு ஒருத்தன் எழுதிட்டான்னா என்னைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சிடுவாங்க. ஆணியும் போல்ட்டும் எண்ணிக்கிட்டே நான் சாகணுமா?"

சாவு என்ற சொல்லை அவள் சும்மா சொல்லவில்லை. டனல் இல்லாவிட்டால் தான் யார் என்பது அவளுக்கே தெரியாது.

துறையில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் வெல்டர் மட்டும்தான். ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் அவர் கையிலிருந்து ஒரு இரும்புத் தகடு நழுவி விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் துள்ளினார்கள். அக்கா மட்டும் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். வெல்டர் தகட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவள் குரல் போடும் நேரத்தில் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து தூணுக்குப் பக்கத்தில், அவள் கண்ணில் படுகிற மாதிரி நிற்க ஆரம்பித்தார். உள்ளே ஆளில்லை என்றால் வலது கையைத் தூக்குவார். அவள் பொத்தானை அமுக்குவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காதும் காதும் வைத்தாற்போல் வருஷங்கள் ஓடின.

பிறகு அந்தக் குழு வந்தது.

துறையைத் தனியாக வைத்திருப்பதா, வேறொரு துறையோடு கரைத்துவிடுவதா என்று பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து வரும் பெரியவர்கள். கரைத்துவிட்டால் டனலை இடித்து வகுப்பறை கட்டுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. எஞ்சின் அறைக்கு வெள்ளையடித்தார்கள். கணினிகளின் தூசியைத் தட்டினார்கள். வெல்டர் ஒரு புது விமான மாதிரியைச் செய்து, மூக்கிலிருந்து வால்வரை பளபளவென்று தேய்த்து நிறுத்தினார். குழுவின் கண்முன்னால் டனலை ஓட்டிக்காட்டுவதுதான் உச்சக்கட்டம்.

அன்று காலையில் சோதித்துப் பார்க்க ஒருமுறை ஓட்டினார்கள். அக்கா பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. தலைவர் முகம் சுளித்தார்.

"என்னது அது, டக்டக்டக்னு? உங்களுக்குக் கேக்கல?"

அக்கா அவர் உதட்டைப் படித்தாள். அவள் பாதத்துக்கு எட்டாத சின்னச் சத்தம் போலிருக்கிறது. வாய் கூசாமல் சொன்னாள்: "கேட்டுச்சு சார். அதான் நிறுத்தப் போனேன்."

வெல்டர் குறுக்கே புகுந்தார். "மாடல்ல ஒட்டின டேப் பிச்சுக்கிட்டுப் போய் விசிறிக்கு முன்னால வலையில மாட்டியிருக்கும் சார். ஓட்டி முடிச்சதும் நான் எடுத்துடறேன்."

டனல் நின்றது. அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் புது மேல்கோட்டு வந்திருப்பதாக ஆள் வந்தது. அவள் அதை மாட்டிப் பார்க்கப் போனாள். வெல்டர் விசிறிப் பக்கத்துக் கதவுக்குப் போகுமுன் தலைவரிடம் சொன்னார்:

"சார், அக்கா வந்ததும் நான் உள்ள இருக்கேன்னு சொல்லிடுங்க. முகத்துக்கு நேரா நின்னு சொல்லுங்க சார்."

"சரி, சரி, நீங்க சீக்கிரம் முடிங்க."

முகத்துக்கு நேராக என்று அவர் ஏன் சொன்னார் என்று தலைவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரமா அது? அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது அவர் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே, "வெல்டர் உள்ள இருக்கார், வந்ததும்தான் ஓட்டணும்" என்றார். அக்காவுக்கு அவருடைய பிடரிதான் தெரிந்தது. நாற்காலியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

குழு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தலைவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பூசிக்கொண்டு விரல்களை எண்ணத் தொடங்கினார். பேச்சு சுவாரசியத்தில் வெல்டரை அடியோடு மறந்துபோனார். கட்டைவிரல் வந்தது. அக்காவைப் பார்த்து, ஆரம்பியுங்கள் என்று கை காட்டிவிட்டு, குரலை ஏற்றிப் பேச்சைத் தொடர்ந்தார்.

அக்கா கதவைத் திறந்தாள். தலையை உள்ளே விட்டாள்.

"உள்ள ஆளிருக்கா?"

காத்திருந்தாள்.

"உள்ள ஆளிருக்கா?"

தூணைப் பார்த்தாள். வெல்டர் அங்கே இல்லை. பெரியவர்கள் வருகிறார்களே, சட்டை மாற்றப் போயிருப்பார் என்று நினைத்தாள். கொஞ்சம் தாமதிக்கலாமா என்றும் நினைத்தாள். அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஏன் தாமதிக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? என் காது தூணுக்குப் பக்கத்தில் இல்லை என்றா?

"உள்ள ஆளிருக்கா?"

அவளுக்குக் கேட்டது நிசப்தம். எப்போதும் கேட்பது அதுதான். கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினாள்.

விசிறி எழுந்தது. பாதத்தில் அந்தப் பழகிய நடுக்கம் ஏறியது. உடனே தரை ஒரு தரம் இடறியது. படியில் கால் தவறுகிற மாதிரி. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. தலைவர் இன்னும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் அலறிக்கொண்டு பொத்தானை அடித்து நிறுத்திவிட்டு, சுவரைச் சுற்றி அந்தக் கோடிக்கு ஓடினாள்.

வலையின் சட்டத்தைத் திறந்து அதற்குப் பின்னால் கையை நீட்டி டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறார் வெல்டர். உயிர் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அந்த இடத்தை இதற்குமேல் நான் விவரிக்கப்போவதில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, குழுவில் வந்து டனல் கதவையொட்டி நின்றிருந்த நரைத்த தலை அம்மா ஒருத்தி அக்காவின் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நேருக்கு நேர் நின்று, ஒன்றும் புரியாதவளாகக் கேட்டாள்:

"நீங்க கூப்பிட்டீங்க, அந்தப் பக்கம் ஒரு குரல் 'இருக்கேன், இருக்கேன்'னு பதில் சொல்லிச்சே. மூணு தடவையும் சொல்லிச்சு. எல்லாம் தயார்னு பதில் சொல்றாங்கன்னு நான் நெனச்சேன். அதான் உங்க வழக்கம் போலிருக்குன்னு சும்மா இருந்துட்டேன்."

பதில் வராமல் இருந்தால்தான் அங்கே நல்லது என்பது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்குக் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் ஒரு விசாரணை வைத்தது. அது கூடுவதற்கு முன்பே துறைக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. டனலில் கோளாறு இல்லை. ஓட்டியவர் வழக்கப்படி மூன்று தரம் குரல் போட்டிருக்கிறார், பார்த்த சாட்சிகள் உண்டு. வெல்டர்தான் சாவியை உருவாமல் உள்ளே போயிருக்கிறார், கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. நரைத்த தலை அம்மா சொன்னதற்கு, "அவங்களுக்கு நம்ம சத்தமெல்லாம் பழக்கமில்ல, என்னத்தையோ கேட்டிருக்காங்க" என்று தலைவர் ஒரு மூடி போட்டார். விதியை மீறியவர் என்று வெல்டர் பேரில் முடிந்தால் அவருக்கு வேறு வேலை தரவேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெல்டர் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். முகத்தில் தாடி முளைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அவர் எப்போதுமே அவளிடம் அப்படித்தான் பேசுவார். அதைக்கூட அவள் அன்றுதான் கவனித்தாள்.

"விசாரணை ஆளுங்க வந்தாங்க. நான் குரல் குடுக்கலன்னு சொல்லிட்டேன்."

"பொய். மூணு தடவையும் குடுத்தீங்க."

"குடுத்தேன். ஓடி வெளிய வந்திருக்கணும். சட்டத்துல சட்டைக்கை மாட்டிக்கிச்சு, வரல. தூண்கிட்ட நான் இல்லேன்னா நீங்க ஓட்டமாட்டீங்கன்னு ஒரு தைரியம் வேற." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "விடுங்க அக்கா. கை போனது போனதுதான். உங்க காது விஷயமும் வெளிய வந்தா ரெண்டு பேருமே வீட்ல உக்காரணும். ஒருத்தராவது நில்லுங்க. டனல விட்டுட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அக்கா பதில் சொல்ல வாயெடுக்கும்போது வெல்டரின் மனைவி ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். அழுது அழுது வீங்கிய முகம். வந்ததும் வராததுமாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு புருஷனைத் திட்ட ஆரம்பித்தாள்.

"நீங்களே கேளுங்கம்மா இந்த மனுஷன! நீங்க தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கீங்க. ஒரு தடவ வாயத் தொறந்து இருக்கேன்னு சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? கேட்டா, யோசனையா இருந்துட்டேங்கறாரு. யோசனையாம்! எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்திட்டாரு."

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி திட்டிக்கொண்டே இருந்தாள். நீங்க சொல்லுங்கம்மா, நான் சொல்றது சரிதானே என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா தலையை ஆட்டினாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தே ஆட்டினாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, மனுஷ ஜென்மம்தானா நான் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மகளிடம் சொல்லவில்லை. மகள் கேட்கவும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தாள், அவ்வளவுதான்.

சில நாட்களில் டனலைக் கழுவித் துடைத்தார்கள். குழு இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. துறை நொண்டவில்லை என்று காட்ட வேண்டும், சோதனைகள் நடக்க வேண்டும் என்றார் தலைவர். அக்கா மேசையில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தாள். மூன்று தரம் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து யாரோ இருக்கேன் இருக்கேன் என்று கத்திக்கொண்டிருப்பதாகவும் தனக்குத்தான் கேட்கவில்லை என்றும் தோன்றியது. சுவரைச் சுற்றிப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆளில்லை. திரும்பி வந்தாள். மறுபடி சந்தேகம். மறுபடி போனாள். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொத்தானைத் தொட விரல் வரவில்லை.

நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், வெல்டர் குரல் குடுத்தாரு. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது கேக்காது சார். ரொம்ப வருஷமாவே."

தலைவரின் பார்வை மேசைக்குப் போனது. மேசையில் துறையின் புதுக் கையேடு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. டனலின் படம் அட்டையிலேயே இருந்தது. செவிட்டு ஆளை டனல் ஓட்டவிட்டது தெரிந்தால் அந்த அட்டையும் இருக்காது, துறையும் இருக்காது. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இந்தத் துறையைக் கட்டுவதற்குத் தலைமுடியைக் கொடுத்தவர். முன்னால் சாய்ந்து, அவளுக்கு உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. தலைவரைத் திட்டி மனசு ஆறலாமா என்று பார்த்தாள், ஆறவில்லை. அவருக்கு முன்பே ஆஸ்பத்திரியில் அவளும் இதைத்தானே செய்தாள்?

விசாரணையின் கடைசி அமர்வுக்கு வெல்டரை அழைத்திருந்தார்கள். வாக்குமூலத்தைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். கூடவே மனைவி. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக்காரர்கள், ஓரத்தில் தலைவர், எதிரே அக்கா. ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனார். அக்காவுக்கு அவருடைய வழுக்கைதான் தெரிந்தது. என்ன படிக்கிறார் என்பது தெரியாமலா இருக்கும்?

படித்து முடித்துப் பேனாவை நீட்டினார்கள். நீட்டிய பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. சங்கடத்தோடு பேனாவை எடுத்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார்கள். வெல்டர் இடது கட்டைவிரலை மையில் அமுக்கினார். விரல் காகிதத்தை நோக்கி வந்தது.

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"அதுல இருக்கறது பொய். அவரு பதில் சொன்னாரு. எனக்குக் காது கேக்காது."

தலைவரின் உதடு வேகமாக அசைந்தது. அதிர்ச்சி, மனநிலை, பரிசோதனைச் சான்று என்று சில துண்டுகள் மட்டும் அவளுக்குக் கிடைத்தன. விசாரணைக்காரர்களில் ஒருவர் அவளுடைய காதுச் சான்றையே எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வருஷமும் அபாரம். இப்போது அவர்கள் கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதிலும் சொல்கிறாளே! வெல்டரின் மனைவி ஒன்றும் புரியாமல் அவளையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நம்பலேன்னா விடுங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்" என்றாள் அக்கா. "நீங்க கூப்பிடுங்க. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் கூப்பிடுங்க."

மகளிடம் மாட்டேன் என்று சொன்னதை இங்கே செய்தாள். மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். வெறும் சுவர். கூப்பிட்டார்களா, இல்லையா? ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? சிரிக்கிறார்களா? கத்துகிறார்களா? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கண்ணால் ஒட்டுப்போட்டு மறைத்துவைத்திருந்த செவிட்டுத்தனம் முழுசாக அவளைச் சுற்றி இறங்கியது. டனலுக்குள் நின்ற வெல்டருக்கும் அந்தக் கடைசி நிமிஷத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். யார் காதில் விழுகிறது, யார் காதில் விழவில்லை என்று தெரியாமல் நின்றிருப்பார். அழுகை வந்தது. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்துத் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினாள். வெல்டர் நின்றிருந்தார். புதுக்கோட்டின் தோளில் அவருடைய கட்டைவிரல் மை அப்பியிருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். விசாரணைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

வெல்டர் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"போதும் அக்கா. மூணு தடவ கூப்பிட்டாச்சு."